லெம்பி சித்தியின் பாடத்தில் யாரோ இருக்கிறார்கள்

ஹான்காக்
15 டிசம்பர் 2024, ஞாயிறு இரவு

அன்புள்ள லெம்பி சித்தி,

தயவுசெய்து இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். ஆர்வோ மாமாவிடம்கூட வேண்டாம். "காட்டலையே, படிச்சுதான சொன்னேன்" என்று பிறகு சொல்வீர்கள், எனக்குத் தெரியும். அதுவும் காட்டியதுதான்.

உறைந்த ஏரியில் மீன் பிடிக்கப் போகும்போது தலையில் மாட்டுகிற விளக்கை மாட்டிக்கொண்டு போர்வைக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். கீழே அம்மா இன்னும் தூங்கவில்லை. நன்றி சொல்லும் நாள் விருந்தில் அம்மாவோடு சண்டை போட்டு, பாதி தின்ற பூசணி இனிப்புத் தட்டைத் தூக்கிக்கொண்டு நீங்கள் காரில் ஏறிய அன்றே அம்மா சொல்லிவிட்டாள்: "இந்த வீட்டுல அவ பேரு வரக் கூடாது." அப்பா ஜனவரி பாதிவரை கப்பலில். அதனால் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டிய குடிமகள் நான் ஒருத்திதான். அதை இப்போது மீறிக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை அம்மா கல்லூரியிலிருந்து ஒரு தாள் கொண்டுவந்தாள். இணையப் பாடத்தளத்தில் எந்தெந்தப் பாடம் தயார், எது தயாரில்லை என்ற பட்டியல். ஆசிரியர்கள் தங்கள் பாடத்தை அதில் ஏற்ற உதவுவதுதானே அம்மாவின் வேலை. முப்பத்தொரு பாடங்களில் முப்பதுக்கு நேரே டிக் இருந்தது. மிச்சம் ஒன்று. 'குளிர்கால மரங்களை அடையாளம் காணுதல். ஆசிரியர்: லெம்பி ஹைக்கினென். பூஜ்யம் சதவீதம்.' அம்மா அதையே ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்துச் சொன்னாள்: "பூஜ்யம். ஒரு வணக்கம்கூட போடல."

தாளின் அடியில் டீன் எழுதியிருந்தார். ஜனவரி 13, திங்கள் காலை எட்டு மணிக்கு மாணவர்களுக்குத் திறந்திராத பாடம் இந்தப் பருவத்தில் கிடையாது. வெப்பமூட்டும் கொதிகலன் கெட்டு உங்கள் கட்டடத்தைப் பூட்டிவிட்டதால் நேரில் நடத்தவும் வழியில்லை. உங்களுடையது வருடா வருடம் எழுதுகிற ஒப்பந்தம். பாடம் இல்லை என்றால் நீங்களும் இல்லை, அப்படித்தானே சித்தி?

உதவி எண்ணைக் கூப்பிட்டால் எடுப்பது அம்மா. ஆகையால் நீங்கள் கூப்பிட மாட்டீர்கள். நீங்கள் கூப்பிடாமல் அம்மாவும் வர மாட்டாள். அதனால்தான் நான்.

நான்கு வருடமாகச் சமையலறை மேசையில் அம்மா ஸ்பீக்கரில் போட்டு ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுப்பாள், நான் எதிரில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்வேன். அம்மாவின் லேப்டாப்பைத் தொட்டதில்லை, தொடவும் மாட்டேன். அதில் மாணவர்களின் மதிப்பெண் இருக்கிறது, நான் தொட்டதாகத் தெரிந்தால் அம்மாவின் வேலை போய்விடும். காதில் விழுந்ததை மட்டும்தான் எழுதுகிறேன்.

பாடக் குறிப்பு எழுதிய உங்கள் பழைய மஞ்சள் தாள்கள் முழுவதையும் ஒரே கோப்பாக ஏற்றாதீர்கள். வேதியியல் ஆசிரியர் அப்படித்தான் நூற்றுப்பத்துப் பக்கத்தை ஏற்றினார். வாரத்துக்கு ஒரு பகுதி போடுங்கள். அந்த வாரம் படிக்க வேண்டியது, பார்க்க வேண்டிய படம், ஒரு சின்னத் தேர்வு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சாம்பல் வட்டம் இருக்கும். அதைத் தட்டினால் பச்சையாகும். பச்சையாகாதவரை மாணவர்களுக்குத் தெரியாது. இதை அம்மா ஒரு நாளைக்கு ஐந்து தடவை சொல்வாள்: "சார், நீங்க பாக்குறது வேற, பசங்க பாக்குறது வேற. உங்களுக்கு வீடு தெரியுது. அவங்களுக்கு வெறும் சுவருதான் தெரியுது." எல்லாம் முடிந்ததும் கடைசியில் பாடம் முழுவதையும் திறக்கிற 'வெளியிடு' பொத்தான். இடப்பக்கம் மேலே.

பதிலை நான் சனிக்கிழமை வேலை பார்க்கிற, கிழங்கும் இறைச்சியும் அடைத்த பாஸ்டி சுட்டு விற்கிற கடை முகவரிக்கு அனுப்புங்கள். மின்னஞ்சல் வேண்டவே வேண்டாம். கல்லூரி மின்னஞ்சலில் சிக்கல் என்றால் அதையும் பார்ப்பது அம்மாதான்.

படியில் சத்தம். விளக்கை அணைக்கிறேன்.

அய்லி

காப்பர் ஹார்பர்
19 டிசம்பர்

அய்லிக் குட்டிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது. இரண்டாம் தடவை ஷூவை மாட்டினேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். நான் உன் அம்மாவிடம் கேட்க மாட்டேன். அன்றைக்கு நான் சொன்னது என்ன? "நீ பட்டனைத் தட்டுற, பாடம் நடத்துறது நாங்க" என்றேன். அதில் தவறென்ன? அதற்கு அவள், "உன் பாடம் இருபது வருஷமா அதே மஞ்சப் பேப்பர்ல கெடக்கு, அதுக்குள்ள மரமே முளைச்சிருக்கும்" என்றாள். மாணவர்கள் முன்னால் சொல்லியிருந்தால் கைதட்டியிருப்பார்கள். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இருந்தாலும் வேலை எனக்கு வேண்டும். இருபத்திரண்டு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். இலையில்லாத மரத்தை மொட்டைப் பார்த்தே பெயர் சொல்லத் தெரியாதவர்களை வனத்துறை எடுப்பதில்லை. அதைச் சொல்லித்தர இந்தப் பக்கத்தில் வேறு ஆளும் இல்லை.

இங்கே இணையம் ஒழுங்காக வருகிற ஒரே இடம் தீயணைப்பு நிலையம். உன் கடிதத்தை அங்கே எடுத்துப்போனால், தீயணைப்பு வண்டியையும் பனி தள்ளுகிற வண்டியையும் ஓட்டுகிற ஆர்வோ தோளுக்கு மேலே எட்டிப் படித்துவிடுவான். ஆகவே சாமர்த்தியமாக, கைப்பேசியில் அதைப் படம் எடுத்துக்கொண்டு காகிதத்தை அடுப்பில் போட்டேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றினேனா?

நேற்று ஐந்து மணி நேரம் உட்கார்ந்தேன். ஆர்வோ தீயணைப்பு வண்டியைத் துடைப்பதுபோல் என்னைச் சுற்றியே துடைத்தான்.

"என்ன லெம்பி, கம்ப்யூட்டரைத் திட்டினா அது கேக்குமா?"

"கேக்காதுன்னுதான் திட்டுறேன். நீ கேக்குறியே, அதான் தொந்தரவு."

"என்னதான் செய்யுற?"

"மரம் நடுறேன். போ."

நீ சொன்னபடி பாடத்தைப் பதினைந்து வாரங்களாகப் பிரித்துவிட்டேன். மேலே 'லெம்பி - பயிற்சி' என்று பெரிதாக எழுதியிருந்தது. கல்லூரி என் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டது இருபது வருடத்தில் இதுவே முதல்தடவை. குச்சிகளையும் மொட்டுகளையும் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்கப் பொறுமையில்லாமல் கைப்பேசியில் இருந்ததை எல்லாம் ஒரே மூச்சில் ஏற்றினேன். நூற்றுப்பதினான்கு. ஒன்றில் என் கையுறைதான் விழுந்திருக்கிறது. போகட்டும்.

என் பாஸ்வேர்டு நாயின் பெயரும் நான் பிறந்த வருடமும். நீயே உள்ளே போய் எல்லாம் சரியா என்று பார்த்துவிடேன்.

சித்தி

ஹான்காக்
23 டிசம்பர், இரவு

சித்தி!

பாஸ்வேர்டைக் கடிதத்தில் எழுதுவார்களா? அந்த வரியை மட்டும் கத்தரித்து வாயில் போட்டு விழுங்கிவிட்டேன். நிஜமாக. எங்கள் கடை பாஸ்டியின் கிழங்கைவிடப் பரவாயில்லை. தயவுசெய்து அதை மாற்றுங்கள். நான் உள்ளே போக மாட்டேன். நீங்கள் கொடுத்தாலும் அது திருட்டுதான், அம்மா சொல்லியிருக்கிறாள்.

இப்போது உட்கார்ந்துகொள்ளுங்கள். கெட்ட செய்தி. 'பயிற்சி' என்று மேலே எழுதியிருந்தால் அது உங்கள் பாடம் இல்லை. ஆசிரியர்கள் பழகிப்பார்க்கக் கொடுக்கிற வெற்றுப் பாடம். அதில் ஒரு மாணவர்கூட இல்லை. நீங்கள் ஐந்து மணி நேரம் காலி அறையில் பேசியிருக்கிறீர்கள். உங்கள் நிஜப் பாடம் இன்னும் பூஜ்யத்தில்தான் இருக்கிறது.

அழாதீர்கள், வருடத்துக்கு நான்கு பேராவது இதைச் செய்கிறார்கள். அங்கிருந்து இங்கே இடம் மாற்ற ஒரு வழி உண்டு. ஆனால் அது பன்னிரண்டு படி, ஏழாவது படியில் எல்லாரும் தப்பாகத் தட்டி அம்மாவைக் கூப்பிடுவார்கள். ஏழாவது படி என்ன என்று எனக்குத் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து எப்போதும் மிக்ஸர் ஓடிக்கொண்டிருக்கும். யோசித்து எழுதுகிறேன். இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

எனக்கு வேறொரு பயம். அம்மா நடந்துகொள்வது சரியாக இல்லை. நான் சமையலறைக்குள் போனால் லேப்டாப்பை மூடுகிறாள். வெள்ளிக்கிழமையிலிருந்து ஏலக்காய் ரொட்டி ஆறு சுட்டுவிட்டாள், சாப்பிட இரண்டே பேர். நேற்று காபி ஊற்றிக்கொண்டே திடீரென்று கேட்டாள்:

"அய்லி, உனக்கு மரத்தைப் பத்தி எதாவது தெரியுமா?"

"மரம்னா... பச்சையா இருக்கும்" என்றேன்.

"குளிர்காலத்துல?"

"அப்போ... இருக்காது."

"நல்லா படிக்கிற" என்று சொல்லிவிட்டு லேப்டாப்பை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டாள். சித்தி, அம்மாவுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. கல்லூரிக் காரியத்தை வீட்டுப் பெண் வெளியே எழுதி அனுப்புகிறாள் என்று யாராவது சொல்லிவிட்டால் அம்மாவைக் கேள்வி கேட்க மாட்டார்களா? இரண்டு நாளாகப் பாஸ்டிகூட இறங்கவில்லை. சரி, ஒன்று இறங்கியது.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். இதையும் அடுப்பில் போடுங்கள். படம் எடுக்காமல்.

அய்லி

காப்பர் ஹார்பர்
28 டிசம்பர்

என் தங்கமே,

கள்ளி! 'நான் உள்ளே போக மாட்டேன், அது திருட்டு' என்று எவ்வளவு அழகாக எழுதினாய், நானும் நம்பினேன். நேற்று தீயணைப்பு நிலையத்துக்குப் போய்த் திறந்தால் எல்லாம் இடம் மாறியிருக்கிறது! பதினைந்து வாரமும் நிஜப் பாடத்தில் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. நல்லவேளை பாஸ்வேர்டை நான் மாற்றவில்லை. நீ ஏழாவது படியைக் கண்டுபிடித்துவிட்டாய்.

அதோடு விட்டாயா? தேர்வுகளுக்கு நான் போன வருடத் தேதியைப் போட்டிருந்தேன். முதல் நாளே இருபத்திரண்டு பேரும் ஒரு வருடம் தாமதம் என்று சிவப்பில் காட்டியிருக்கும். எல்லாவற்றையும் திருத்தியிருக்கிறாய். முயல் வேட்டைக் காலம் முடிந்தபிறகு வருகிற வாரத்துக்குக் களப்பயணத்தைத் தள்ளியும் வைத்திருக்கிறாய். எனக்கே அது தோன்றவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் பட விளக்கங்கள். பார்வையில்லாத மாணவர் வந்தால் கணினி படித்துக்காட்டுவதற்கு ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு வரி எழுத வேண்டும் என்று கல்லூரி ஐந்து வருடமாகக் கத்துகிறது, நான் காதில் போட்டுக்கொண்டதில்லை. நீ அத்தனையும் எழுதியிருக்கிறாய்! மஞ்சள் பிர்ச் மரத்துக்கு: 'பட்டையைக் கிள்ளி முகர்ந்தால் தொண்டை மிட்டாய் வாசம் வரும்.' பால்சம் பாப்லருக்கு: 'மொட்டு பிசுபிசுக்கும். தொட்ட கையோடு தலைமுடியைத் தொடாதீர்கள்.' பாடப் புத்தகத்தில்கூட இப்படி எழுத மாட்டார்கள். இவ்வளவு மரம் எப்போது கற்றாய்?

என் கையுறை விழுந்த படத்துக்கு எழுதினாயே, அதைப் படித்து நாற்காலியிலிருந்து விழப்போனேன். 'இது மரம் அல்ல. ஆசிரியரின் கையுறை. பின்னியவர் ஒழுங்காகத்தான் பின்னினார். ஓட்டை போட்டது அணிந்தவர்.' வாய் உனக்கு, வாய்! உன் அம்மாவைக் கொண்டு பிறந்திருக்கிறாய்.

'மாணவர் பார்வை' என்றொரு பொத்தானும் கண்டுபிடித்தேன். ஆர்வோவை மாணவனாக உட்காரவைத்து முதல் தேர்வைக் கொடுத்தேன். பத்துக்கு மூன்று.

"இந்தக் கருப்பு மொட்டு என்னடா?"

"கரிஞ்சுபோன மொட்டு."

"கருப்பு ஆஷ் மரம்! ஐம்பது வருஷமா இந்தக் காட்டுல விறகு வெட்டுற!"

"வெட்டுறப்போ பேரு கேக்கல லெம்பி. கேட்டா பாவமா இருக்கும்."

படங்களையும் விளக்கங்களையும் பார்த்துவிட்டு மறுபடி எழுதினான். எட்டு. அய்லி, என் பாடம் வேலை செய்கிறது! கூத்தாடாத குறையாக அவன் தோளைத் தட்டினேன். அவன் கையிலிருந்த காபி முழுக்கத் தீயணைப்பு வண்டியின் மேல். இதுவரை அந்த வண்டிக்கு நேர்ந்த பெரிய விபத்து அதுதான்.

உனக்கு நான் என்ன செய்யப்போகிறேன் தெரியவில்லை.

உன் லெம்பி சித்தி

ஹான்காக்
2 ஜனவரி 2025, இரவு

சித்தி,

இதை நின்றுகொண்டே படிக்காதீர்கள்.

அது நான் இல்லை.

நான் உள்ளே போகவே இல்லை. உங்கள் நாய் மேல் சத்தியம். ஏழாவது படி எனக்கு இன்னும் தெரியாது. முயல் வேட்டை எப்போது முடிகிறது என்று தெரியாது. மஞ்சள் பிர்ச்சையும் தொலைபேசிக் கம்பத்தையும் பக்கத்தில் வைத்தால் கம்பத்தில் கம்பி இருக்கும் என்பதுதான் எனக்குத் தெரிந்த வித்தியாசம். உங்கள் கையுறையை யார் பின்னினார்கள் என்றும் தெரியாது. நீங்கள் யாருக்கும் சொல்லவில்லை என்றால், உங்கள் பாடத்துக்குள் வேறு யாரோ இருக்கிறார்கள்.

பள்ளி விடுமுறை என்பதால் இன்றும் கடை. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் பாஸ்டியை விட்டுவிட்டேன். பன்னிரண்டு கரிந்தன. முதலாளி அம்மா கேட்டாள், "என்னடி, காதல் கடிதமா?" "ஆமா" என்றேன். உண்மையைவிட அது பாதுகாப்பு.

யாராவது திருடன் என்றால் எதற்குத் தேதியைத் திருத்துகிறான்? டீன் உளவு பார்க்கிறாரா? டீனுக்குப் பிசுபிசுப்பான மொட்டைப் பற்றித் தெரியுமா? எனக்கு ஒன்றும் புரியவில்லை. பாஸ்வேர்டை இப்போதாவது மாற்றுங்கள்.

ஒன்று செய்யுங்கள். பாடத்தின் ஓரத்தில் 'ஆட்கள்' என்று ஒரு சொல் இருக்கும். அதைத் தட்டினால் உங்கள் பாடத்துக்குள் வர உரிமை உள்ள எல்லாருடைய பெயரும் வரும். எப்போது கடைசியாக வந்தார்கள், மொத்தம் எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்பதும் இருக்கும். மாணவர்கள் படித்ததாகப் பொய் சொன்னால் கண்டுபிடிக்க ஆசிரியர்கள் அதைப் பார்ப்பார்கள். யாரும் கடைசிவரை உருட்டிப் பார்ப்பதில்லை. நீங்கள் அடிவரை பாருங்கள். யார் பெயர் இருந்தாலும் எழுதுங்கள்.

உடனே எழுதுங்கள் சித்தி. அம்மா இரவு ஒரு மணிக்கு ஹாலில் தனியாகச் சிரித்தாள். எனக்குப் பயமாக இருக்கிறது.

அய்லி

காப்பர் ஹார்பர்
7 ஜனவரி

அய்லிக்கு,

உருட்டினேன். முதலில் என் பெயர். பிறகு இருபத்திரண்டு மாணவர்கள். அதற்கும் கீழே இன்னும் ஒரு பெயர். கைசா ஹைக்கினென். உன் அம்மா. கடைசியாக வந்தது: நேற்று இரவு 12:52. மொத்தம் இருந்த நேரம்: பதினான்கு மணி ஒன்பது நிமிடம்.

ஆர்வோ பக்கத்தில்தான் இருந்தான். "என்ன லெம்பி, எங்கயாச்சும் தீயா?" என்றான். நான் திரையையே மேலும் கீழும் உருட்டிக்கொண்டிருந்தேன். அவன் பயந்துபோய் நிஜமாகவே தலைக்கவசத்தை எடுத்துவிட்டான்.

கல்லூரியின் எல்லாப் பாடங்களிலும் அவள் பெயர் இருக்குமாம், உதவி செய்பவர் என்ற முறையில். உள்ளே வந்து செய்வதுதான் அவளுக்குக் கொடுத்த வேலையே. நான்தான் இத்தனை வருடத்தில் ஒருமுறையும் அடிவரை உருட்டவில்லை. அவள் அங்கே இருந்திருக்கிறாள்.

அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பாய். உட்கார்ந்தே படி. நூற்றுப்பதினான்கு படங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். எழுபத்தொன்றாவது படம் குச்சி இல்லை, மொட்டு இல்லை. உன் கடிதம். 'தயவுசெய்து இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள்' என்று ஆரம்பிக்கிற அதே கடிதம். கைப்பேசியில் இருந்ததை எல்லாம் ஒரே மூச்சில் ஏற்றினேன் அல்லவா. யாரிடமும் காட்டாதே என்றாய், நான் இருபத்திரண்டு பேருக்குப் பாடமாக வைத்திருந்தேன்.

அதன் கீழே அவள் விளக்கம் எழுதியிருக்கிறாள்: 'ஒரு கடிதம். எழுதியவளுக்கு வயது பதினாறு. பயந்திருக்கிறாள், ஆனாலும் எழுதியிருக்கிறாள். மாணவர்கள் கண்ணில் படாமல் மறைக்கப்பட்டது.'

அதை நான் எத்தனை முறை படித்தேன் என்று எந்தப் பட்டியலிலும் வராது.

போனை எடுத்தேன். வைத்தேன். மறுபடி எடுத்து நாய்க்கு உணவு தீர்ந்துவிட்டதா என்று கடையைக் கேட்டேன். தீரவில்லை. உனக்கு என்னைத் தெரியும், வாயால் கேட்கிற மன்னிப்பு எனக்கு வராது. ஆனால் பாடத்தில் 'உங்கள் ஆசிரியரைச் சந்தியுங்கள்' என்று ஒரு பக்கம் காலியாக இருந்தது. அதில் எழுதினேன்: 'இந்தப் பாடத்தை உருவாக்கியவர்கள் இருவர். மரங்களைப் பற்றிச் சொல்பவர் லெம்பி. நீங்கள் அவற்றைப் பார்க்கும்படி செய்தவர் கைசா. வெறும் பட்டனைத் தட்டுகிற வேலை என்று முதலாமவர் ஒருமுறை சொன்னார். அவர் அப்போது பாடத்தைப் பூஜ்யத்தில் வைத்திருந்தார். தவறு அவருடையது. இது தேர்வில் வரும்.'

அவள் எப்படியும் இரவு வந்து பார்ப்பாள். பாடத்தை நான் இன்னும் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை போய் அந்தக் கடைசிப் பொத்தானை என் கையால் தட்டுகிறேன்.

நீ இனிப் பயப்படாதே. பயப்பட வேண்டியது நான்.

லெம்பி

ஹான்காக்
12 ஜனவரி, ஞாயிறு இரவு ஒன்பதரை

அன்புள்ள சித்தி,

இது உங்களுக்கு எப்படியும் செவ்வாய்க்கிழமைதான் கிடைக்கும். அதற்குள் நல்லதோ கெட்டதோ முடிந்திருக்கும். இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. இனி ஒளிய வேண்டியதில்லை, ஆனாலும் போர்வைக்குள் உட்கார்ந்தால்தான் எனக்குக் கடிதம் எழுத வருகிறது.

உங்கள் கடிதம் நேற்று கடைக்கு வந்தது. அதற்கு முந்தைய இரவே அம்மா அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டாள். எனக்கு எப்படித் தெரியும் என்றால் வெள்ளிக்கிழமை இரவு கீழேயிருந்து கத்தினாள், "அய்லி! கீழ வா!" இறங்கிப் போனேன். மேசையில் லேப்டாப். அதில் என் கடிதத்தின் படம்.

"இது யாரு எழுத்து?"

"என்னோடது."

"டிசம்பர் இருபதாந்தேதியே படிச்சேன். மூணு வாரமா நீ எப்ப சொல்லுவேன்னு பாத்தேன். ரொட்டி சுட்டு சுட்டுப் பாத்தேன். நீ தின்னுட்டுப் போயிட்ட."

"அம்மா, உன் வேலை போயிடுமா?"

"எதுக்கு? நீ எதையும் தொடல. தொடலன்னு இதுலயே எழுதியிருக்க." பிறகு முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு சொன்னாள், "ஆனா ஒரு தப்பு. 'வெளியிடு' பட்டன் வலப்பக்கம். இடப்பக்கம்னு எழுதியிருக்க. என் மகளாம்." அதற்குமேல் அவளால் முகத்தை அப்படி வைத்திருக்க முடியவில்லை. நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

பிறகு உங்கள் பக்கத்தைக் காட்டினாள். "இது தேர்வுல வருமாம்" என்றாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "திமிரைப் பாரு, மன்னிப்புக் கேக்குறப்போகூட மார்க் போடுறா" என்றாள். அதில் ஒரு எழுத்தைக்கூட அவள் மாற்றவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். நேற்று இரவு புயல் வந்துவிட்டது. உங்கள் பக்கம் முழுக்க மின்சாரம் இல்லை என்று வானொலியில் சொன்னார்கள். காலையிலிருந்து அம்மா தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்துகொண்டே இருக்கிறாள். ஆமாம் சித்தி, அம்மா உங்களுக்குப் போன் செய்கிறாள், மணி அடிக்கக்கூட இல்லை. மணி ஏழாகியும் பாடம் திறக்கவில்லை. இன்னும் அந்த ஒரே ஒரு பொத்தான்தான் பாக்கி. எட்டு மணிக்கு நான் அழுதேவிட்டேன்.

"நீயே தட்டிடேம்மா! உன்னால முடியுமே!"

"முடியும்."

"அப்புறம் என்ன?"

"முப்பத்தொரு பாடம். ஒண்ணையும் நான் தொறந்ததில்ல. எல்லாம் செஞ்சு குடுப்பேன், கதவை அவங்கதான் தொறக்கணும். அது அவளோட வகுப்பு அய்லி. நான் தொறந்தா நாளைக்கு அவ என் வகுப்புல நிக்கிற மாதிரி நிப்பா."

"வேலை போயிடுமே!"

"காலைல எட்டு மணிக்குத்தான போகும். இப்ப ராத்திரி எட்டு." சொல்லிவிட்டு அடுப்பில் காபியை வைத்தாள். அலமாரியிலிருந்து கோப்பைகளை எடுத்தாள். எனக்குக் காபி கிடையாது, அம்மா குடிப்பது ஒன்று, எடுத்தது இரண்டு. லேப்டாப்பில் உங்கள் பாடத்தைத் திறந்து, தன் பெயரிலிருந்து வெளியே வந்து, உங்கள் பெயர் போடுகிற இடத்தைக் காலியாக வைத்து, மேசையின் அந்தப் பக்கம் திருப்பி வைத்தாள். அதற்கு எதிரில் உட்கார்ந்து பின்னல் பின்னுகிறாள். ஊசி தப்பித்தப்பி விழுகிறது. என்னைப் படுக்கப் போகச் சொன்னாள்.

சாலையை மூடிவிட்டார்கள் என்று ஒன்பது மணிச் செய்தியில் வந்தது. ஜன்னலில் பனியைத் தவிர எதுவும் தெரியவில்லை. எனக்கு மறுபடி பயம் வந்துவிட்டது, முன்பு மாதிரிப் பயம் இல்லை, இது வேறு. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்? அடுப்புக்கு விறகு இருக்கிறதா? பாடம் போனால் போகட்டும், நீங்கள்

ஒரு நிமிடம். வெளியே ஏதோ மஞ்சள் வெளிச்சம் சுற்றுகிறது. பனி தள்ளுகிற வண்டி. இந்தத் தெருவுக்கு அது காலையில்தான் வரும். எங்கள் வீட்டு முன்னால் நின்றுவிட்டது. யாரோ இறங்குகிறார்கள். ஒரு ஆண் குரல் கேட்கிறது: "பாத்து எறங்கு லெம்பி, ரெண்டு மணி நேரமா ரோடு போட்டுக்கிட்டே வந்திருக்கேன், வாசல்ல விழுந்து தொலைச்சிடாத!"

கீழே அம்மாவின் நாற்காலி சத்தம் போடுகிறது. ஆனால் அவள் நடக்கிற சத்தம் இல்லை, எழுந்து அப்படியே நிற்கிறாள் போல. வாசல்படியில் ஷூவைத் தட்டுகிறார்கள், பனி உதிர்கிற சத்தம்கூடக் கேட்கிறது. சித்தி, நீங்கள்தான் கதவைத் தட்டுகிறீ—